‘ஊக்கமூட்டும்’ என்ற சொல்லும் நாலு படி மாவடுவும்

கல்லிடைக்குறிச்சி
25-3-1996, திங்கட்கிழமை

சௌபாக்கியவதி ப்ரீதாவுக்கு அப்பா நாணு அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மா பாலாம்பாளும் சௌக்கியம். அங்கே டொரான்டோவில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீவத்ஸனும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேண்டுதல் அதுதான். ‘சௌக்கியம்’ என்று எழுதியிருக்கிறேனே, அதை வழக்கம்போலப் படிக்காமல் தாண்டிவிடாதே. டிசம்பரிலிருந்து உனக்கு நான் எழுதின நாலு கடிதத்திலும் அந்த வார்த்தை பொய். இதில்தான் நிஜம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணி எவ்வளவு வேண்டுமானாலும் என்னைத் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். பாதியில் மாத்திரம் பதறாதே, கதை நல்லபடியாகத்தான் முடிகிறது, ஐந்து மாசக்காரி என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் இந்த மாசம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. சித்திரை வருஷப் பிறப்புக்கு அங்கே தமிழ்ச் சங்கத்தில் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேச வேண்டும், தலைப்பு இன்ஸ்பைரிங்கான மனிதர் ஒருவர், அந்த வார்த்தைக்குச் சரியான தமிழ் என்ன, அதை எப்படி உபயோகிக்கிறது என்று கேட்டிருந்தாய். முப்பத்திரண்டு வருஷம் தபாலாபீஸில் முத்திரை குத்தினவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் நினைத்தேன், ஆனாலும் பெண் கேட்டுவிட்டாளே, அகராதியை எடுத்துத் தூசி தட்டி உட்கார்ந்தேன். ‘எழுச்சியூட்டும்’ என்று ஒன்று இருக்கிறது. அது மைக் செட் கட்டின வார்த்தை. இப்போது தேர்தல் வேறு வருகிறதா, ஊரில் ஒரு சுவர் பாக்கியில்லாமல் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறான்கள். ‘ஆதர்ச’ என்பது மாலை போட்ட படத்துக்குச் சரி, உயிரோடு இருக்கிறவரைச் சொன்னால் அவரே கொஞ்சம் பயந்துபோவார். ‘உத்வேகம் தருகிற’ என்பது பத்திரிகைக்காரர்கள் எழுதுவது, யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. மிஞ்சினது ‘ஊக்கமூட்டும்’. பரிசளிப்பு விழாவிலும் டானிக் விளம்பரத்திலும் அடிபட்டுக் கொஞ்சம் தேய்ந்துபோன வார்த்தைதான், இருந்தாலும் கௌரவமான வார்த்தை, அதையே வைத்துக்கொள்.

யாரைப் பற்றிப் பேசப் போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். ஒரு நிமிஷம் உட்கார மாட்டாளே என் அம்மா, அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்தாலே பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சுறுசுறுப்பு வந்துவிடுமே, அவளைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று. நான் ஒரு முட்டாள். அதை அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன், சந்தோஷப்படுவாள் என்று. அவள் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள், கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். ஏனென்றால் நீ எழுதின அந்த அம்மா அப்போது நடந்து மூன்று மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விஷயம் இதுதான். நவம்பர் கடைசியில், கார்த்திகை மாசத்து மழை விட்ட மறுநாள், ஆற்றங்கரைப் படித்துறையில் பாசி வழுக்கி உன் அம்மா விழுந்துவிட்டாள். வலது கணுக்காலில் எலும்பு ஒடிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எலும்பு டாக்டரிடம் காட்டி மாவுக்கட்டுப் போட்டோம், பொங்கல் கழித்துக் கட்டைப் பிரித்தார், படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனிமேல் பைய நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். எலும்பு கூடிவிட்டது, மனசு கூடவில்லை. காலைக் கீழே வைத்ததும் அவளுக்கு வேர்த்துக் கொட்டும், ஊன்றினால் மறுபடி ஒடிஞ்சுடும், என்னால ஆகாது, விடுங்கோ என்பாள். நடப்பதற்கென்று வாங்கின நாலு கால் சட்டம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது, அதில் நான் துண்டு காயப்போட ஆரம்பித்துவிட்டேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள், வயிற்றுப் பிள்ளைக்காரியை பயமுறுத்தாதேங்கோ என்று. நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் வயரை நீட்டிக் கட்டில் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவள் மூச்சு வாங்குகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, இப்பத்தான்டி கொல்லையிலேர்ந்து ஓடி வரேன் என்று உன்னிடம் சொல்வாள். போனை வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

இதில் பெரிய கவலை எது என்று உனக்கே தெரியும். ஜூலையில் உன் பிரசவத்துக்கு அம்மா வந்து இரண்டு மாசம் கூட இருப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை காகிதமெல்லாம் அனுப்பிவிட்டார். நடக்காதவள் எப்படி ஏரோப்ளேன் ஏறுவாள், ஏறி வந்து உனக்குப் பண்ணுவாளா, இல்லை நீ அவளுக்குப் பண்ணுவாயா. பிப்ரவரியில் ஒருநாள், எனக்கு விசா கிடைக்கலைன்னு எழுதிடுங்கோ என்று சொல்லிவிட்டாள். நான் எழுதினேன், எழுதி ஒட்டியும் விட்டேன். ஒரு மாசம் என் மேஜை டிராயரில் கிடந்தது அந்தக் கடிதம். எத்தனையோ பேர் கடிதத்தைத் தாமதமில்லாமல் அனுப்பி வைத்தவன் என் கடிதத்தை மட்டும் தபாலில் சேர்க்க முடியாமல் வைத்திருந்தேன்.

அவளுக்கு ஊக்கமூட்ட நாங்கள் பண்ணாதது இல்லை, அதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு ரிடையர்ட் ஹெட்மாஸ்டர் மந்திரமூர்த்தி தினமும் சாயங்காலம் வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலும் இல்லாதவன் மலை ஏறின கதை, கண் தெரியாதவன் கடலில் நீந்தின கதை என்று சொல்வார். அண்ணாச்சி நல்ல மனுஷர், சொல்லி முடித்துவிட்டு அவரே உற்சாகமாக எழுந்து வேகமாக வீட்டுக்கு நடந்துபோவார். அம்மா அப்படியே படுத்திருப்பாள். தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒரு கேசட் வேறு கொடுத்தார், அதைப் போட்டதும் நான் தூங்கிவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து உன் அத்தை மஹாலக்ஷ்மி வேளாவேளைக்குத் தட்டில் சாதம் போட்டுக் கட்டிலுக்கே கொண்டுவந்து விடுவாள், மன்னி நீ அசையாதே என்பாள். நான் காபியிலிருந்து கை கழுவுகிற தண்ணீர் வரைக்கும் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிடுவேன். அன்பாகப் பண்ணுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு எழுந்திருக்க ஒரு காரணம்கூட மிச்சம் வைக்காமல் பண்ணிவிட்டோம் என்பது இப்போதுதான் புரிகிறது.

உன் கடிதத்தின் அடியில் மாவடு தின்ன வேண்டும் போலிருக்கிறது, நாக்கு செத்துப்போச்சு என்று எழுதியிருந்தாயே. அந்த வரியை அம்மா என்னிடம் கடிதத்தை வாங்கி மறுபடி படித்தாள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு வீராப்பு வந்துவிட்டது. நானே போட்டுவிடுகிறேன் என்று கடைத்தெருவில் போய் இரண்டு படி வாங்கி வந்தேன். அதில் பாதி காற்றில் உதிர்ந்து அடிபட்டது என்று எனக்கு எப்படித் தெரியும். வெந்நீரில் கழுவினேன், அதுதான் சுத்தம் என்று. அப்புறம் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே, காம்பு நீட்டிக்கொண்டிருந்தது பார்வைக்கு ஒழுங்காக இல்லை என்று நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அத்தனை காம்பையும் ஒட்ட வெட்டிவிட்டேன். தபாலாபீஸ் புத்தி. உப்பும் விளக்கெண்ணெயும் போட்டு ஜாடியை மூடித் துணியால் வேடு கட்டினேன், நாலாம் நாள் வீடே நாறிப்போயிற்று. காம்பு போனால் வடுவுக்குள் தண்ணீர் இறங்கி அழுகிவிடும் என்று கல்லிடைக்குறிச்சியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். சரி, இன்றைக்கு அம்மா வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். ஜாடியை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, போகட்டும், கொட்டிடுங்கோ என்றாள், அவ்வளவுதான். ப்ரீதா, முப்பது வருஷத்தில் நான் அவளைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான். திட்டாமல் விட்டுவிட்டாளே என்று கொல்லையில் நின்று அழுதேன்.

பதினாலாம் தேதி வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மணிமுத்தாறு பஸ்ஸில் சாரம்மாள் வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மலையடிவாரத்திலிருந்து வருஷா வருஷம் பங்குனியில் மாவடுக் கூடையோடு நம் கொல்லை வாசலுக்கு வருவாளே, குரல் வந்து அரை நிமிஷம் கழித்து ஆள் வருவாளே, அவள்தான். நான் நாலு படி கொடு என்றேன். அம்மா எங்க என்று கேட்டாள். காலைப் பற்றிச் சொன்னேன், நான் காம்பை வெட்டி வடுவை அழுகவிட்ட கதையையும் சொன்னேன், உள்ளே படுத்திருக்கிறாள், ஒரு தட்டில் பத்து வடு வை, கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். அதற்கு அவள், தட்டுல வச்சுக் காட்டுததுக்கு இது என்ன ஆஸ்பத்திரி ஆப்பிளா சாமி, இருவது வருசமா அவிய கை போட்டுப் பொறுக்காம இந்த வீட்டுக்கு ஒரு படி குடுத்ததில்ல, அவிய இங்கன வந்து எடுத்துக்கிடட்டும் என்றாள். நான் மறுபடியும் பொறுமையாக, அவளால் நடக்க முடியாது சாரம்மா என்றேன். முடியாதவிய கிட்ட யாவாரம் பண்ண எனக்கும் முடியாது என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கித் துவைகல் மேல் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம். இதயமில்லாதவளே, எழுந்து போ, உன் வடு வேண்டாம் என்று கத்திவிட்டேன், இன்னும் ஒன்றிரண்டு வார்த்தையும் சொன்னேன், அதை எழுத மாட்டேன். அவள் போகவில்லை. வெற்றிலைப் பையைப் பிரித்தாள்.

அங்கேயிருந்தபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க ஆரம்பித்தாள். எழுந்திருங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தைரியமா இருங்க என்று சொல்லவில்லை, கால் எப்படியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. இந்த வருசம் ஒத்த மரந்தான் காச்சிருக்கு, உருண்ட வடு, பால் சொட்டுது, காண்ட்ராக்டுக்காரன் நாளைக்கு மொத்தத்தையும் உலுப்பிருவான், இதான் கடைசிக் கூடை என்று தன் பாட்டுக்கு ஊர்க்கதையாகச் சொல்லிக்கொண்டே போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மெதுவாக, காம்போட இருக்கா என்று அம்மா கேட்டாள். அதற்கு அந்தக் கைகாரி சொன்னதைக் கேள். காம்பா, ஐயர்சாமி காம்பு வேண்டாம்னுட்டாவ அம்மா, அவியளுக்குப் பாக்க மொழுமொழுன்னு இருக்கணுமாம், அதான் இங்கன உக்காந்து ஒண்ணொண்ணா கிள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன், பாதிக் கூடை கிள்ளியாச்சு என்றாள். நான் வாயைத் திறந்து, நான் எங்கே சொன்னேன் என்று கேட்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஏ சாரம்மா, கையை எடு, நிறுத்து, அவர் சொன்னார்னு நீயுமா, உனக்கெங்கே போச்சு புத்தி என்று. பழைய குரல். வீதியில் போகிற பால்காரன் திரும்பிப் பார்க்கிற அந்தக் குரல். தொடர்ந்து கட்டில் சட்டம் கிரீச்சிட்டது. நான் ஓடப் போனேன், சாரம்மாள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், பேசாம நில்லுங்க என்கிற மாதிரி. நின்றேன்.

அம்மா வந்தாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு, தலைமயிர் அவிழ்ந்து, புடவை ஒரு பக்கம் தரையில் இழுபட, துண்டு காய்கிற அந்தச் சட்டத்தைத் தொடக்கூட இல்லை, கூடம் தாண்டி, சமையலறை தாண்டி, எண்ணினேன், பதினெட்டு அடி, கொல்லை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கூடையைப் பார்த்தாள். அதில் ஒரு காம்பு கிள்ளியிருக்கவில்லை. சாரம்மாள் கையில் வெற்றிலைதான் இருந்தது. அம்மா அவளைப் பார்த்தாள், அவள் அம்மாவைப் பார்த்தாள். இப்போது கால் நினைவு வந்து அப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். சாரம்மாள் படியை எடுத்து நீட்டி, சீக்கிரம் பொறுக்குங்கம்மா, ஒம்பது மணி பஸ்ஸ விட்டா நான் நடந்துதான் போவணும் என்றாள். அம்மா கொல்லை வாசற்படியில் பைய இறங்கி உட்கார்ந்து கூடைக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாக விரலால் உருட்டி, இது அடி, இது முற்றல், இது சரி என்று அரை மணி நேரம். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, நகவெட்டியாலயா வெட்டினேள், நகவெட்டியாலயா என்று கேட்டு, அன்றைக்குப் பாக்கி வைத்திருந்த திட்டு அத்தனையும் திட்டினாள். அவ்வளவு இனிமையாக நான் எதையும் கேட்டதில்லை.

பொறுக்கி முடிந்ததும் அம்மா தானாகவே எழுந்து அடுப்படிக்குப் போய்க் காபி கலந்தாள். இருபது வருஷமாகக் கொல்லையில் வைத்துத்தான் சாரம்மாளுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தோம், அன்றைக்கு உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் தன்னோடு உட்கார வைத்துக் கொடுத்தாள். இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டியது, எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கோபத்தில் கண்டபடி சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று நான் சொன்னேன். ஏசுதவங்க கிட்டல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் எங்க போய் யாவாரம் பண்ண, நீங்க ஒண்ணு சாமி என்று சிரித்தாள். ஒன்பது மணி பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸுக்குள் வெயிலேறி மீதிக் கூடை வாடிப்போனது. அதைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை.

அன்றிலிருந்து பதினோரு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கொல்லை வரைக்கும், அப்புறம் கிணற்றடி, அப்புறம் வாசல் கோலம், நேற்றைக்கு மஹாலக்ஷ்மி வீட்டுக்கே போய், இனிமேல் சாதம் கொண்டுவராதே, உன் ரசத்தில் புளி ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். கொஞ்சம் விந்தி நடக்கிறாள், சாயங்காலம் வீக்கம் இருக்கிறது, டாக்டரிடம் கேட்டேன், நடக்க நடக்கச் சரியாகும் என்றார். டிராயரில் இருந்த விசாக் கடிதத்தை அவளே வாங்கிக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஜூலைக்கு வருகிறாள், ப்ரீதா, வருகிறாள். மாவடு ஜாடி தினமும் குலுங்குகிறது, அதைத் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ‘ஊக்கமூட்டும்’ என்பதை உபயோகிக்கிறது எப்படி என்றால், அவசரப்பட்டு உபயோகிக்காமல் இருப்பதுதான். யாரைச் சொல்கிறோமோ அவரிடத்தில் அந்த வார்த்தைக்கு அத்தாட்சி கிடையாது, அவரைப் பார்த்தபிறகு மற்றவர் என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது. மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஊக்கமாகப் பேசினார், சாரம்மாள் ஊக்கமூட்டினாள், இரண்டும் வேறே. அதனால் மேடையில் ஏறினதும் அடைமொழியை முதலில் போடாதே. நடந்ததை நடந்தபடி சொல், கேட்கிறவர்களுக்கே அந்த வார்த்தை தோன்றினால் சரி, தோன்றாவிட்டால் நீ நூறு தடவை சொல்லியும் பிரயோஜனமில்லை. அம்மாவிடம் கேட்டேன், உன்னைப் பற்றிப் பேசட்டுமா என்று. சாரம்மாளைப் பற்றிப் பேசச் சொல்லுங்கோ, நான் வெறுமனே நடந்தேன், அது எல்லாரும் பண்றதுதானே என்றாள். கடைசிக் கூடை என்று சொன்னவள்தான், போன வியாழக்கிழமையும் ஒரு கூடையோடு வந்தாள், அந்தச் சாரம்மாளிடமும் விஷயத்தைச் சொன்னேன், கனடாவில் உன்னைப் பற்றி மைக்கில் பேசப் போகிறார்கள் என்று. அங்கன மாவடு போடுவாவளா என்று கேட்டாள். போட மாட்டார்கள் என்றேன். அப்ப என்னத்தப் பேசி என்ன என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் தெருக்கோடியில் யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டு நின்றாளாம்.

மறைத்ததற்கு என்னை மன்னித்துவிடு, அம்மாவை விட்டுவிடு, அவள் உனக்காகத்தான் செய்தாள். வயிற்றுப் பிள்ளையோடு பனியில் வழுக்கிவிடாதே, நல்ல செருப்பாகப் போட்டுக்கொள், இந்த விஷயத்தில் இந்தக் குடும்பத்துக்கு இனிமேல் தெம்பு இல்லை. இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லாமல் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உனக்கும் பிறக்கப் போகிறதற்கும் நீண்ட ஆயுசும் நிறைந்த சந்தோஷமும் உண்டாகட்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வாதம் செய்கிறோம். ஏப்ரல் பதினாலாம் தேதி சங்கத்தில் பேசி முடித்ததும் எப்படிப் போயிற்று என்று ஒரு வரி எழுத மறக்காதே.

இன்னும் எழுதலாம், ஆனால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவான், இன்னும் என்ன எழுதியாகிறது என்று அதட்டல். தபால் பெட்டி வீதி தாண்டி முக்கில் இருக்கிறது, நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீங்க ஜன்னல்லேர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்றாள். பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், பார்ப்பேன். ஏரோப்ளேனில் எத்தனை ஆயிரம் மைல் வந்து இது உன் கையில் கிடைத்தாலும், ப்ரீதா, இந்தக் கடிதம் வந்த வழியில் முதல் நானூறு அடி உன் அம்மா நடந்து கொண்டுவந்தது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அப்பா,
நாணு